யுகுலேலே வகுப்பில் சாதாரண காந்தாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் மாத்திரம் மூன்று வீடுகளில் யுகுலேலே என்ற, நான்கு நரம்புள்ள சிறு கிற்றார் போன்ற வாத்தியம் இருக்கிறது. பிள்ளைகள் நான்கு கோர்ட்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரத் தொகுதிகளை) மாற்றி மாற்றித் தட்டிப் பாடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கோர்ட்டின் சுரங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக மீட்டும் ஆர்பெஜியோவுக்கு, அதிலும் மைனர் ஆர்பெஜியோவுக்கு வரும்போது, கற்பிக்கும் முறையில் ஒரு பிழை நேர்வதைச் சுட்டிக்காட்டவே இதனை எழுதுகிறேன்.

என் பேத்திக்கு வகுப்பொன்றில் கொடுக்கப்பட்ட பயிற்சித்தாள் கிற்றாருக்கு எழுதப்பட்டது. தடித்த நரம்பில் தொடங்கி மெல்லிய நரம்பை நோக்கிப் போகப் போகச் சுரம் ஏறும் என்பது அதன் அடிப்படை. யுகுலேலேயின் வழக்கமான சுருதியிலோ நான்காம் நரம்பாகிய ஜி, மூன்றாம் நரம்பாகிய சியை விட உயர்ந்து ஒலிக்கும். பிள்ளை ஏ மைனர் கோர்ட்டைப் பிடித்து, நான்காம் நரம்பிலிருந்து முதலாம் நரம்பு வரை மீட்டினாள்: ஏ, சி, ஈ, ஏ. தாளில் இருந்த சுரப் பெயர்கள் சரி. ஆனால் தொடக்கத்து ஏயும் முடிவில் வந்த ஏயும் ஒரே சுருதி. இடையில் சி கீழே விழுந்து எழுகிறது. “அம்மம்மா, இது ஏறவே இல்லையே” என்றாள். அவளுடைய காது சரி, தாள்தான் பிழை.

வீணை பழகியவர்களுக்கு இதற்கான வழி கைவசம் உண்டு. முதலாம் நரம்பில் மட்டும் வாசிக்கச் சொன்னேன். வெறும் நரம்பு ஷட்ஜம் (ச), 3ஆம் மெட்டு (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) சாதாரண காந்தாரம் (தாழ்ந்த க), 7ஆம் மெட்டு பஞ்சமம் (ப), 12ஆம் மெட்டு மேல் ஷட்ஜம். 3ஆம் மெட்டுக்குப் பதிலாக 4ஆம் மெட்டை அழுத்தினால் அந்தர காந்தாரமாகி (உயர்ந்த க), அதுவே ஏ மேஜராகிவிடும். சாதாரண காந்தாரமுள்ள நடபைரவி ராகத்தையும் அந்தர காந்தாரமுள்ள சங்கராபரணத்தையும் பாடிப் பழகிய பிள்ளைக்கு அந்த ஒரு மெட்டு வித்தியாசத்தைச் ‘சோகம்’, ‘மகிழ்ச்சி’ என்று விளங்கப்படுத்த வேண்டியதில்லை. கரகரப்பிரியாவிலும் அதே சாதாரண காந்தாரந்தான். அதை யார் வெறும் சோக ராகம் என்பார்?

நரம்பு மாறி வாசிப்பதற்கு ஏ மைனரை விட டி மைனரே முதற் பாடமாக அமைய வேண்டும் என்பது என் கருத்து. நான்காம் நரம்பைத் தொடாமல், மூன்றாம் நரம்பின் 2ஆம் மெட்டில் டி, இரண்டாம் நரம்பின் 1ஆம் மெட்டில் எஃப், வெறும் முதலாம் நரம்பில் ஏ, அதன் 5ஆம் மெட்டில் மேல் டி என்று வாசித்தால், ச க ப ச ஒழுங்காக ஏறும். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து எட்டுச் சுரம் என்பதால், எட்டு எண்ணிக்கையுள்ள ஆதி தாளத்தில் எண்ணிக்கைக்கு ஒன்றாக ஓர் ஆவர்த்தனத்தில் (ஒரு தாளச் சுற்றில்) அடங்கிவிடுகிறது. சுண்டுவிரல் 5ஆம் மெட்டைத் தடுமாறாமல் எட்ட இரண்டு கிழமை பிடித்தது. அதுவரை வேகம் கூட்ட நான் விடவில்லை. வலக்கையில் மூன்றாம் நரம்புக்குப் பெருவிரல், இரண்டாவதற்குச் சுட்டுவிரல், முதலாவதற்கு நடுவிரல் என்று நிலைப்படுத்திய பின்னரே ஒலி சமமாயிற்று. எங்கள் ஊர் உப்புக்காற்றில் பிருடைகளின் (நரம்பை முறுக்கும் திருகுகளின்) இரும்புப் பற்கள் துருப்பிடித்துச் சுருதி இளகுவதால், ஒவ்வொரு நாளும் சுருதி சேர்த்த பிறகே தொடங்க வேண்டியிருக்கிறது.

நான்காம் நரம்புக்குத் தாழ்ந்த ஜி நரம்பை மாட்டினால் அந்தக் கிற்றார்த் தாளின்படியே ஏ மைனர் ஒழுங்காக ஏறும். தாளை மாற்றுவதா, நரம்பை மாற்றுவதா என்பதை வகுப்பு நடத்துவோர் தீர்மானிக்கட்டும்.

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.