கோடு போட்ட நோட்டும் ஒரு பென்சிலும்

எல்லோருக்கும் வணக்கம்.

பாப்பாவுக்கு இன்று 41-ஆம் நாள். நேற்றுதான் வாசல் தாண்டி, தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் நடந்தேன். அவள் பிறந்த அந்த ராத்திரி நடந்தது உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். ரத்தம் கேட்டு வாட்ஸ்அப்பில் போன செய்தியைப் பார்த்துத்தானே பாதிப் பேர் எழுந்து வந்தீர்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ரத்தம் கொடுத்த ஐந்து பேருக்கும் (இரண்டு பேர் யாரென்றே இன்னும் தெரியவில்லை, இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள்), டாக்டரம்மாவுக்கும், மயக்க மருந்து கொடுத்தவருக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் என் தலைமாட்டிலேயே நின்ற நர்ஸுக்கும், ஒரு வாரம் பூண்டு உரித்துக் கொடுத்த மாடி வீட்டு அத்தைக்கும், காசு வாங்காமல் இறக்கிவிட்டுப் போன ஆட்டோ அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மீதி மடல் அக்காவுக்கு.

அக்கா ஒரு டூலா, அதாவது பிரசவத்துக்குத் துணை இருப்பவர். ஏழாம் மாதத்தில் அவரை ஏற்பாடு செய்தபோது வீட்டில் நடந்த பஞ்சாயத்து கொஞ்சநஞ்சமல்ல. "மருத்துவச்சியா?" என்றார் மாமியார். இல்லை, அவர் உள்ளே பரிசோதிக்க மாட்டார், ஊசி போட மாட்டார், பிள்ளையைக் கையில் வாங்க மாட்டார். கூடவே இருப்பார், அவ்வளவுதான். "கூட இருக்கிறதுக்குக் காசு கொடுத்து ஆள் வைக்கணுமா?" என்று அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் பெரியம்மாவும் சித்தியும் செய்த வேலை. ஆஸ்பத்திரிக்குப் பிரசவம் போன பிறகு அவர்கள் எல்லோரும் கதவுக்கு வெளியே வந்துவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னதே 2016-இல்தான். முடிந்தவரை அவர் தானும் பிள்ளை பெற்றவராக இருக்கட்டும் என்றும் சொன்னார்கள்.

நான் என்ன சும்மா இருந்தேனா? 2017-இல் வெளிவந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பை எடுத்து வைத்துக்கொண்டு வாதாடினேன். 26 ஆய்வுகள், 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள். வலி நேரம் முழுக்க ஒருவர் கூட இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் சுருங்குகிறது. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொன்னதையும் சேர்த்துக் கொண்டேன். எல்லாம் சரி. எனக்கு சிசேரியன்தான் ஆனது, அதுவும் முழு மயக்கத்தில். மாமியார் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவருக்கும் இந்த இடத்தில் ஒரு நன்றி.

பத்து மணி நேரம் அக்கா என் இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். மறுநாள் அவருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டதாம். வீட்டுக்கு வந்த பிறகு, தையல் மேல் படாமல் பிள்ளையைக் கக்கத்துக்குள் இடுக்கிப் பால் கொடுக்கக் கற்றுத் தந்தார். இதற்கெல்லாம் தனியாக நன்றி சொன்னால் சிரிப்பார். அது அவர் வேலை. நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைப் பற்றி.

எனக்கு அந்த ராத்திரி நினைவில் இல்லை. தலைக்கு மேல் வட்டமான விளக்கு, "பத்திலேர்ந்து எண்ணும்மா" என்ற குரல், அப்புறம் மறுநாள் சாயங்காலம். நடுவில் என் மகள் பிறந்திருக்கிறாள். நான் அங்கே இருந்தேன், ஆனால் இல்லை. அழுதாளா, யார் முதலில் தூக்கினார்கள் என்று பார்த்தவரையெல்லாம் கேட்டேன். "அதான் பிள்ளை நல்லா இருக்கே, அதெல்லாம் எதுக்கு இப்போ" என்றார்கள். பிள்ளை நல்லா இருக்கிறாள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ராத்திரி ராத்திரியாக அழுதேன்.

பன்னிரண்டாம் நாள் அக்கா வந்து, பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் கொடுத்தார். சின்ன நோட்டு, 40 பக்கம், அதில் பதினோரு பக்கம் பென்சிலில் எழுதியது. அறுவை அரங்குக்குள் அவரை விடவில்லை, வெளியே உட்காரவும் இடமில்லை. நின்றபடி, நோட்டைச் சுவரில் வைத்து எழுதியிருக்கிறார். சுவரில் வைத்தால் பேனா பாதியில் நின்றுவிடும், பென்சில் நிற்காது என்றார்.

அதிலிருந்து கொஞ்சம்:

"2.40. தண்ணீர் இரண்டு மடக்கு. ஃபேனை நிறுத்தச் சொன்னாள். போடச் சொன்னாள். மறுபடி நிறுத்தினேன்.
3.15. அவள் மூக்குக்கண்ணாடி என் கையில்.
3.20. கதவு மூடியாச்சு.
3.46. அழுகுரல். நல்ல சத்தம். அவள் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.
3.58. வெளியே கொண்டுவந்தார்கள். பெண். இடது கை டவலுக்கு வெளியே, ஐந்து விரலும் விரித்து.
4.05. அப்பா தூக்கினார். முழங்கை நடுங்குகிறது. பாட்டியிடம் நீட்டினோம். வாங்கவில்லை. 'அவ முதல்ல பாக்கட்டும்' என்றார்."

கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அம்மா இதை என்னிடம் சொல்லவே இல்லை. மறுநாள் சாயங்காலம் நான் கண் விழித்துப் பார்க்கும் வரை, 14 மணி நேரம், முதல் பேத்தியைத் தொடாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறார். கேட்டதற்கு, "இதையெல்லாமா எழுதி வைக்கும் அந்தப் பொண்ணு" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

டூலாக்களுக்குப் பயிற்சி கொடுத்த பென்னி சிம்கின் என்ற அமெரிக்கப் பெண்மணி, பிரசவமாகி பதினைந்து, இருபது வருடம் ஆன பெண்களிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டு 1991-இல் எழுதினார். டாக்டர் என்ன சொன்னார், நர்ஸ் எப்படி நடத்தினார் என்றெல்லாம் அவர்களுக்குத் தெளிவாக நினைவிருந்தது. அப்படி நினைத்துப் பார்க்க எனக்கும் இப்போது பதினோரு பக்கம் இருக்கிறது, அக்கா. இரவல்தான். ஆனால் 3.46 என்றால் இப்போது எனக்குக் காதில் கேட்கிறது.

தம்பி மனைவிக்குத் தை மாதம் தேதி சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூட வரச் சொன்னாள். உங்களைப் போல இடுப்பை அழுத்தத் தெரியாது. நோட்டும் பென்சிலும் வாங்கி வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். கடைசிப் பக்கத்தில் "5.50. சாவி பச்சைப் பையில்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் யாரிடமும் பச்சைப் பை கிடையாது. எந்தச் சாவியும் காணாமலும் போகவில்லை. யாருடையது அக்கா அது?