மழை கழுவிய அழுக்கு எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நல்ல மழை பெய்த மறுநாள், "காற்று எவ்வளவு சுத்தமாகிவிட்டது பார்" என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் முந்தின நாள் வரை காற்றில் மிதந்த தூசியும் கரியும் எங்கே போயின? மழையோடு இறங்கித் தண்ணீரில் கலந்துவிட்டன.

நான் 29 ஆண்டுகள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், மழை வரும்போல இருந்தது; கழுவிக் காயவைத்த இரண்டு பீக்கர்களை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். ஒன்றில் முதல் பத்து நிமிட மழையைப் பிடித்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பெய்ததை இன்னொன்றில். இரண்டையும் வடிகட்டிப் பார்த்தால், முதல் தாள் சாம்பல் நிறம். இரண்டாவது ஏறக்குறைய வெள்ளை. அந்த இரண்டு தாள்களும் ரொம்ப நாள் என் மேசை இழுப்பறையில் இருந்தன. நாங்கள் நிரப்பிய பரிசோதனைப் படிவத்திலோ காற்றைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

பரிசோதனைக்குத் தண்ணீர் கொண்டு வருபவர்கள், "பளிங்கு மாதிரி இருக்கே, இதில் என்ன இருக்கப் போகிறது?" என்பார்கள். "காய்ச்சித்தானே குடிக்கிறோம், போதாதா?" என்றும் கேட்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், அது பெரிய விஷயம். ஆனால் ஈயமோ ஆர்சனிக்கோ நைட்ரேட்டோ கொதிப்பதால் போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, மிஞ்சியதில் அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

பாதரசத்தைப் பாருங்கள். நிலக்கரியில் அது மிகச் சிறிய அளவில் இருக்கிறது. எரிக்கும்போது ஆவியாகிப் புகைபோக்கி வழியாக மேலே போகிறது. மாதக்கணக்கில் காற்றில் அலைந்து, எங்கோ ஓர் ஏரியில் மழையோடு விழுகிறது. அந்த ஏரியின் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு, அப்புறம் சாப்பிடுபவர் உடம்புக்கு என்று அது சேர்ந்துகொண்டே போகும். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட, நரம்புகளைத் தாக்கும் நோய்க்குக் காரணம் இதே மெத்தில் பாதரசம்தான். அங்கே அது ஆலைக் கழிவுநீரோடு நேராகக் கடலில் கலந்தது. புகை வழியாகப் போவது சுற்றி வருகிறது, அளவும் குறைவு. ஆனால் வந்து சேரும் இடம் அதே தண்ணீர்தான்.

புகையை உயரே அனுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைத்த காலமும் இருந்தது. கனடாவின் சட்பரியில், நிக்கல் உருக்காலைக்கு 1972-இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி கட்டினார்கள். ஊர்க் காற்று தெளிந்தது. புகையிலிருந்த கந்தகம் மட்டும் காணாமல் போகவில்லை; காற்றோடு தொலைவுக்குப் போய் அமில மழையாக இறங்கியது. பின்னாளில் கந்தகம் வெளியேறுவதையே வெகுவாகக் குறைத்த பிறகுதான் அந்த வட்டார ஏரிகள் மெல்லத் தேறத் தொடங்கின. எனக்கு நம்பிக்கை தருவதும் இதுதான்: வருவதை நிறுத்தினால் தண்ணீர் தேறுகிறது. பல ஆண்டுகள் ஆகும், ஆனாலும் தேறுகிறது.

அதனால்தான், காற்றுக்குத் தனிக் கணக்கு, தண்ணீருக்குத் தனிக் கணக்கு என்று வைத்திருப்பது சரியில்லை என்கிறேன். ஓர் ஆலைக்கு அனுமதி தரும்போது, அதன் புகையில் உள்ளது எந்த நீர்நிலையில் போய் விழும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். புகை வெளியேறுமுன் அதைத் தண்ணீரால் கழுவிப் பிடித்த அழுக்கு நீரை என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். அதை வாய்க்காலில் விட்டுவிட்டால், புகையைப் பிடித்ததற்கு அர்த்தமே இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தினமும் வானிலைக் கட்டத்தில் வெப்பநிலையும் மழையளவும் போடுகிறீர்கள். பக்கத்திலேயே, காற்றிலுள்ள பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத) நுண்துகளின் அளவையும் போடுங்கள். 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அந்த எண்ணையும் அருகில் அச்சிட்டால் யாரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். வாரம் ஒருமுறை குடிநீர்ப் பரிசோதனை முடிவுகளும் அதே கட்டத்தில் வரட்டும். அந்த முடிவுகளை எப்படிப் படிப்பது என்று சாதாரண வார்த்தைகளில் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பரிசோதகர்