உன் ஸ்பீடோமீட்டர் திருந்தவில்லை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் காரை எடுத்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பேத்தி நடக்க ஆரம்பித்த செய்தியைப் போகிற போக்கில் ஒரு வரியில் முடித்துவிட்டு, டயர் மாற்றிய கதையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். நீ மாறவே இல்லை. சரி, நானும் அதற்கே வருகிறேன்.

முன்பு முள் 100 காட்டினால் ஃபோனில் ஜிபிஎஸ் 94, 95 என்று இடிக்கும், புது டயர் போட்டதிலிருந்து இரண்டும் ஒன்றாகக் காட்டுகின்றன, மீட்டர் தானாகத் திருந்திவிட்டது என்று ஒரே சந்தோஷம் உனக்கு. கடைசிப் பக்கத்திலோ மைலேஜ் 18-லிருந்து 17-க்கு இறங்கிவிட்டது, இன்ஜினில் என்ன கோளாறோ என்று புலம்பல். இரண்டும் ஒரே விஷயம்டா. 185/65 ஆர்15 இருந்த இடத்தில், ஒரு சைஸ் பெரிசாகப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார் என்பதற்காக 205/65 ஆர்15 மாட்டியிருக்கிறாயே, அதன் வேலைதான் இது.

மீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரமோ கியர்பாக்ஸின் தண்டோ எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று கம்பெனியில் எழுதி வைத்த கணக்கை வைத்து மீதியை அது ஊகிக்கிறது. உன் பழைய டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120. மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 15 அங்குல ரிம், மொத்த விட்டம் 621 மி.மீ. சொச்சம். ஒரு சுற்றுக்கு 195 செ.மீ. போகும். இப்போது போட்டிருப்பதற்கு விட்டம் 647, ஒரு சுற்றுக்கு 203 செ.மீ. வண்டி 4 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது, மீட்டர் இன்னும் 195-ஐயே எண்ணிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு உன் பழைய டயர் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. புது டயரில் 8 மி.மீ. இருக்கும் பட்டன், அதான் ரோட்டைத் தொடும் ரப்பர் மேடு, 1.6-க்குத் தேய்ந்தால் விட்டத்தில் கிட்டத்தட்ட 13 மி.மீ. போய்விடும், அது 2 சதவீதம். நாலும் இரண்டும் ஆறு. உன் மீட்டர் முன்பு கூட்டிச் சொன்னதும் ஏறக்குறைய அந்த ஆறுதான்.

மீட்டர் அப்படிக் கூட்டிச் சொல்வது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் எண் விதி என்று ஒன்று இருக்கிறது, பல நாடுகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. அதன்படி ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தை விடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் நிஜ வேகத்தில் 10 சதவீதத்துடன் இன்னொரு 4 கி.மீ. வரை! நிஜமாக 80-ல் போகும்போது முள் 92-ல் நின்றாலும் விதிப்படி அது பாஸ். டயர் புதுசா பழசா, லோடு எவ்வளவு என்றெல்லாம் கம்பெனிக்குத் தெரியாதல்லவா, அதனால் எந்த நிலையிலும் கீழே இறங்காதபடி கொஞ்சம் மேலே தள்ளியே வைத்துவிடுகிறார்கள். இது எனக்குத் தப்பாகப் படவில்லை. எத்தனை கூட்டியிருக்கிறோம் என்று வண்டியோடு தரும் புத்தகத்தில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் என் கோபம்.

நானும் போன மாதம் டயர் மாற்றினேன், அதே சைஸில்தான். மாற்றுவதற்கு முன் ஒரு விடிகாலை, ரோடு காலியாக இருக்கும்போது, வண்டியை ஒரே வேகத்தில் பிடித்துவைக்கும் குரூஸ் கண்ட்ரோலை 100-ல் வைத்துவிட்டு மைல்கல்லுக்கு மைல்கல் 5 கி.மீ. அளந்தேன். ஸ்டாப்வாட்ச் என் மனைவி கையில். முதல் தடவை கல்லைப் பார்க்காமல் என்னைத் திட்டிக்கொண்டிருந்ததில் கணக்குப் போச்சு, திரும்பி வந்து மறுபடி ஓட்டினோம். சரியாக 100-ல் போனால் 180 வினாடி ஆக வேண்டும். ஆனது 189. அதாவது நிஜ வேகம் 95. புது டயரில் அதே தூரம், அதே முள், 185 வினாடி. 97 ஆகிவிட்டது. ஒரே ஒரு கிலோமீட்டரை வைத்து அளக்காதே, பொத்தானை அரை வினாடி தாமதமாக அமுக்கினாலே ஒன்றரை கி.மீ. வேகம் தப்பாகிவிடும்.

ஃபோனை நீ நம்புவது சரிதான், ஆனால் வானம் திறந்திருக்கும் நேர் ரோட்டில், ஒரே வேகத்தில் போகும்போது மட்டும். பிரேக் போட்டால் அது கொஞ்சம் பின்தங்கித்தான் வரும், சுரங்கப்பாதையில் கேட்கவே வேண்டாம். நாம் ஓட்டப் பழகிய அந்தப் பழைய வண்டியின் முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? கேபிளின் நுனியில் ஒரு காந்தம் சுழலும், அது தொடாமலேயே ஒரு அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அதை இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான் மீட்டர். ஓட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1902-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. அதை நம்பியா நாம் அப்படிப் பறந்தோம்!

மைலேஜுக்கு வருகிறேன். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரும் அதே சுற்றுகளைத்தான் எண்ணுகிறது, ஆனால் அதில் அந்த வேண்டுமென்றே கூட்டும் வேலை பொதுவாக இருக்காது. உன் வண்டி இப்போது 104 கி.மீ. ஓடினால் அது 100 என்று எழுதிக்கொள்ளும். தேய்ந்த டயரில் கொஞ்சம் கூட்டி எழுதிக்கொண்டிருந்தது வேறு. 18-ஐ அந்த ஆறு சதவீதத்தால் குறைத்துப் பார், 17 வரும். அகலமான புது டயர் என்பதால் நிஜமாகவும் துளி குறைந்திருக்கலாம், அதற்காக இன்ஜினைப் பிரிக்கச் சொல்லி யாரிடமும் போய் நிற்காதே.

எனக்குப் பயமெல்லாம் உன் பழைய பழக்கத்தைப் பற்றித்தான். மீட்டர் எப்படியும் கூட்டித்தானே சொல்லும் என்று எல்லைக்கு மேல் 5 வைத்து ஓட்டுவாயே, அந்த 5 இப்போது உன்னிடம் இல்லை. முள் 85 என்றால் நிஜமாகவே 85. அடுத்த தடவை 185-க்கே மாறிவிடு, அதுவரை அந்த ஐந்தை விட்டுவிடு.

நீயும் 5 கி.மீ. அளந்து எத்தனை வினாடி என்று எழுது. ஸ்டாப்வாட்சை மருமகளிடம் கொடு, நீ ரோட்டைப் பார். பேத்தி நடக்கிற வீடியோவை உடனே அனுப்பு.

அன்புடன்,
சண்முகம்