குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடை விடுமுறைக்கான உங்கள் சுற்றுலா இணைப்பில் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, மாமல்லபுரம் என்று பல ஊர் ரிசார்ட்டுகளைப் பற்றி விவரமாக எழுதியிருந்தீர்கள். வாடகை, சாப்பாடு, நீச்சல் குளம் எல்லாம் இருந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர் அங்கே தங்க முடியுமா என்பது மட்டும் இல்லை. அடுத்த முறை அதையும் விசாரித்து எழுதுங்கள். "வீல்சேர் வசதி உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். குளியலறைக் கதவைத் திறந்து, டேப் வைத்து அளந்து, எத்தனை அங்குலம் என்று சொல்லச் சொல்லுங்கள்.

முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு என் கணவர் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். வெளியூர் போக ஆசைப்படுகிறவர். போனில் கேட்கும்போது விடுதிக்காரர்கள் சொல்லும் வசதி பெரும்பாலும் வாசலில் இருக்கும் சாய்தளம்தான். வரவேற்பறை வரை போய்விடலாம். அறைக்கு முன்னால் இரண்டு படி இருக்கும். "பசங்க தூக்கிடுவாங்க மேடம்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத ஒருவரைப் பழக்கம் இல்லாதவர்கள் தூக்கினால், எங்கே உரசியது, எங்கே சிராய்த்தது என்று அவருக்கே தெரியாது. அந்தச் சிறு காயம் ஆறாமல் புண்ணாகிப் பல வாரம் படுக்கையில் போட்டுவிடும்.

சரி, அறைக்குள் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் குளியலறை. அவர் நாற்காலியின் அகலம் 26 அங்குலம். விடுதிகளில் குளியலறைக் கதவை இரண்டரை அடி என்பார்கள். நிலைச்சட்டமும், திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போக மிஞ்சும் இடத்தில் நாற்காலி நுழையாது. தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் ஒரு கல்லும் பதித்திருப்பார்கள். உள்ளே போக முடியாது என்று தெரிந்ததும் அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். உல்லாசமாக இருக்கப் போன இடத்தில் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்து பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டத்தில் குறை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடங்களுக்கும் அது பொருந்தும். மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் வந்து போவதற்கான அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டட வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது. பழைய கட்டடங்களை மாற்றக் கொடுத்த 5 ஆண்டுக் கெடுவும் 2022-இல் முடிந்தது. இந்த விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளை 3 மாதத்தில் கொண்டு வாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நட்சத்திர ஓட்டல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற ஓர் அறையாவது இருக்க வேண்டும், அதன் கதவும் குளியலறைக் கதவும் ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று மத்திய சுற்றுலா அமைச்சகமும் விதி வைத்திருக்கிறது. நட்சத்திரத் தகுதிக்கே விண்ணப்பிக்காத ரிசார்ட்டை அது என்ன செய்யும்?

மலையில் படி இல்லாமல் எப்படிக் கட்டுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும், சரிவில் அதற்கு இடம் கிடைக்காது. எல்லா அறையையும் மாற்றச் சொல்லவில்லை. வரவேற்பறையும் சாப்பாட்டுக் கூடமும் இருக்கும் அதே மட்டத்தில் ஓர் அறை போதும். மணலில் சக்கரம் ஓடாது என்றுதான் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2022 நவம்பரில் மெரினாவில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே கடலைக் கிட்டத்தில் பார்க்க முடிகிறது.

விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஓர் அறையின் குளியலறைச் சுவரைக் கொஞ்சம் இடித்து, ஒரு மீட்டர் அகலத்துக்குப் பக்கவாட்டில் நகரும் கதவு போடுங்கள். வாசல் கல்லை எடுத்துவிட்டுத் தரையை வடிகால் பக்கம் சரித்துவிடுங்கள். கழிப்பிடத்துக்குப் பக்கத்தில், ஆள் எடையைத் தாங்கும் கைப்பிடி வையுங்கள், துண்டு போடும் கம்பி உதவாது. நாற்காலி முழுதாகத் திரும்ப 5 அடி இடம் விடுங்கள். அந்த அறையில் உபரி மெத்தைகளை அடுக்கி வைக்காதீர்கள்.

சுற்றுலாத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். அரசு நடத்தும் ஓட்டல் தமிழ்நாடு விடுதிகளிலிருந்தே தொடங்குங்கள். எந்த ஊரில் எந்த அறை, எத்தனை படி, கதவு எத்தனை அங்குலம் என்று முன்பதிவுப் பக்கத்திலேயே போடுங்கள். குளியலறையின் படமும் வேண்டும். கதவு, கழிப்பிடம், கைப்பிடி மூன்றும் அதில் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு