பழைய ரிசீவர் போன பிறகு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். "இடது பக்கம் ஊமையாகிவிட்டதுப்பா" என்று நீ போனில் சொன்னதிலிருந்து அதே நினைவாக இருக்கிறேன். ரேடியோவும், ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் இருக்கும் அந்த ரிசீவரை நான் வாங்கியபோது உனக்கு நாலு வயது. ஸ்டேஷன் திருப்பும்போது பச்சை வெளிச்சத்தில் முள் நகர்வதைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்ப்பாய். அது போய்விட்டதே என்று உனக்கு இருக்கும் வருத்தம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்பதை அந்த வருத்தம் தீர்மானிக்கக் கூடாது. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை நிதானமாகப் படி.

நீ சோதித்துப் பார்த்த விதம் சரிதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ரிசீவரின் பின்னால் இடது, வலது ஒயர்களை இடம் மாற்றிப் போட்டாய். உடனே வலது ஸ்பீக்கர் ஊமையானது, இடது பாடியது. அப்படியென்றால் ஸ்பீக்கரிலும் ஒயரிலும் குறையில்லை. ரேடியோ வைத்தாலும் சிடி வைத்தாலும் அதே கதை என்றாய், அதனால் கோளாறு ஆம்ப் பகுதியில்தான். வால்யூமைச் சற்று ஏற்றினால் சத்தம் சட்டென்று திரும்புகிறதா என்று கேட்டேன் இல்லையா? திரும்பியிருந்தால் ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகளில் கறை படிந்திருக்கிறது என்று சொல்லியிருப்பேன். சின்னப் பாகம், மாற்றிவிடலாம். உன்னுடையதில் அப்படி இல்லை. திறந்து பார்த்தவர் ஒரு பக்கத்தின் அவுட்புட், அதாவது ஸ்பீக்கருக்கு மின்சாரம் அனுப்பும் பாகம், கருகிவிட்டது, அந்தப் பாகம் அசலாக இப்போது கிடைப்பதில்லை என்று சொன்னார். போலிப் பாகம் போட்டால் அது மறுபடி கருகும், போகும்போது ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும். அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அதை விட்டுவிடு.

ஸ்பீக்கர்களை மட்டும் விட்டுவிடாதே. உன் வீட்டில் கேட்கும் பாட்டின் குணத்தைத் தீர்மானிப்பது அந்த இரண்டு பெட்டிகளும் அவை நிற்கும் இடமும்தான். ஒழுங்காகச் செய்த இரண்டு ரிசீவர்களுக்கு நடுவே, ஒரே அளவு சத்தத்தில் கேட்டால், வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் பக்கத்து அறையிலிருந்தே கேட்கும். கையில் இருக்கும் பணம் அளவானது என்றாய். ரிசீவருக்குத் தேவையானதை மட்டும் கொடு. மிஞ்சுவதை வைத்துக்கொள். ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பான வூஃபரைச் சுற்றி இருக்கும் பஞ்சு வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார். விரலில் தூளாக ஒட்டினால், வளையத்தை மாற்ற அந்தப் பணம் உதவும்.

இப்போது வாட் கணக்கு. நீ அனுப்பிய மூன்று தேர்வுகளையும் வாட் எண்ணை வைத்தே வரிசைப்படுத்தியிருந்தாய். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்த ஒரு செட்டை வாங்கிவந்தேன். பிஎம்பிஓ என்று அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அந்த அளவுக்குப் பொது விதி எதுவும் கிடையாது, தயாரிப்பவர் வைத்ததுதான் எண். பாதி வால்யூமுக்கு மேல் போனால் குரல் கிழியத் தொடங்கியது. அன்று பட்டதை நீ படக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உன் ஸ்பீக்கரின் பின்னால் 88 டெசிபல் என்று ஒரு எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று அதற்குப் பொருள். மனிதர்கள் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் சுற்றளவில். ஆகவே நீ மாலையில் சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்கும்போது பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் செலவாகிறது. மேளம் விழும் நொடிகளுக்குத்தான் கூடுதல் வாட் வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவே இருப்பது அந்த 3 டெசிபல்தான், கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். உன் அறைக்கு நேர்மையான 40, 50 வாட் போதும் என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை, கணக்கே அப்படித்தான்.

நேர்மையான வாட் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணைப் பார்க்காதே, எண்ணுக்குப் பின்னால் வரும் வரியைப் படி. எத்தனை ஓமில் (ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை) அளந்தார்கள், இடது, வலது இரண்டு சேனலும் ஒன்றாக ஓடினவா, 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுக்க அளந்தார்களா அல்லது 1,000 ஹெர்ட்ஸில் மட்டுமா, டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) எவ்வளவு என்ற நான்கும் அந்த வரியில் இருக்க வேண்டும். 8 ஓம், இரண்டு சேனல், முழு அலைவரிசை, 0.1 சதவிகிதத்துக்குள் டிஸ்டார்ஷன் என்று போட்டு 50 வாட் சொன்னால் அது 50 வாட். 6 ஓம், ஒரு சேனல், 1,000 ஹெர்ட்ஸ், 10 சதவிகித டிஸ்டார்ஷன் என்று போட்டு 100 சொன்னால் அதை நம்பி வாங்காதே. இந்த ஏமாற்று முற்றிப்போய்த்தான் அமெரிக்காவில் 1974-இல் ஆம்ப் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று விதியே கொண்டுவந்தார்கள். 2024-இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். அரை நூற்றாண்டு ஆகியும் அந்தத் தேவை போகவில்லை பார்.

ஓம் என்றதும் இன்னொன்று. உன் ஸ்பீக்கர்கள் 8 ஓம், கவலை இல்லை. சமையலறையில் இன்னொரு ஜோடி வைக்க ஆசை என்றாய். இரண்டு 8 ஓம் ஜோடிகளை இணையாக ஒரே நேரத்தில் ஓட்டினால் ரிசீவருக்கு அது 4 ஓமாகத் தெரியும், இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், சூடாகும். பின்பக்கத்தில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களுக்கான ஏ, பி திருகுகளுக்கு மேலே எத்தனை ஓம் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு இணை.

சரி, பின்பக்கத்துக்கே வந்துவிட்டோம். ரிசீவர் வாங்குகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். நீ பின்பக்கத்தைப் பார்த்து வாங்கு. ஒரு தாளை எடுத்து, அதில் எதையெல்லாம் சொருகப் போகிறாய் என்று எழுது. எனக்குத் தெரிந்து உன்னிடம் இருப்பவை ரெக்கார்ட் பிளேயர், டிவி, சிடி பிளேயர், போன்.

ரெக்கார்ட் பிளேயர்தான் இதில் தனி ஜாதி. முள்ளிலிருந்து வருவது மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட் வரைதான். சிடி பிளேயரோ இரண்டு வோல்ட் வரை கொடுக்கும், அதாவது சில நூறு மடங்கு. அதோடு, இசைத்தட்டைப் பதியும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியைக் கூட்டியும்தான் பதிகிறார்கள். இல்லாவிட்டால் வரிப்பள்ளம் அகலமாகிவிடும். அதைத் திரும்ப நேராக்குவதும், அந்தச் சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்குவதும் ஃபோனோ என்று எழுதியிருக்கும் துளையின் வேலை. சாதாரணத் துளையில் சொருகினால் மெல்லியதாக, தகரத்தில் பாடுவதுபோல் கேட்கும். ஃபோனோ இல்லாத ரிசீவர் வாங்கினால் தனியாக ஒரு சின்ன ஃபோனோ ஆம்ப் வேண்டும். உன் பிளேயரின் பின்னால் ஃபோனோ, லைன் என்று மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் அந்த ஃபோனோ ஆம்ப் பிளேயரின் உள்ளேயே இருக்கிறது, செலவு மிச்சம்.

டிவிக்கு, ஒலியை ஒளியாக ஒயரில் அனுப்பும் ஆப்டிகல் துளையோ, டிவியின் ஒலியை ரிசீவருக்குக் கொண்டுவரும் ஏஆர்சி என்று குறித்த ஹெச்டிஎம்ஐ துளையோ இருந்தால் வசதி. ஏஆர்சி இருந்தால் டிவி ரிமோட்டிலேயே வால்யூம் மாற்றலாம். ஆப்டிகலில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இரண்டு சேனல் ரிசீவர்களில் பெரும்பாலானவற்றுக்கு டால்பி என்ற சுருக்கப்பட்ட ஒலி வடிவம் புரியாது. டிவி அதை அனுப்பினால் மௌனம், அல்லது இரைச்சல். ரிசீவர் கெட்டுவிட்டதென்று பயந்து திருப்பிக் கொடுக்கப் போய்விடாதே. டிவியின் ஆடியோ அமைப்பில் போய் பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்று, பேசும்.

எல்லாம் ஒரே பெட்டியில் அமைவது அளவான விலையில் அரிது. நீ சொன்ன யமஹா ஆர்-எஸ்202-இல் புளூடூத் உண்டு, ஃபோனோ இல்லை. சோனி எஸ்டிஆர்-டிஹெச்190-இல் புளூடூத்தோடு ஃபோனோவும் உண்டு, ஆனால் ஆப்டிகல் கிடையாது. இரண்டுமே 100 வாட் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன, எண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்றுபோல் தெரியும். உன் தாளை வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. இசைத்தட்டுத்தான் உனக்கு முக்கியம் என்பதால் இரண்டாவதன் பக்கம் என் மனம் சாய்கிறது. டிவியை ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து இணைத்துக்கொள்ளலாம்.

ஏழு சேனல் ரிசீவர் தள்ளுபடியில் வருகிறதே என்று கேட்டாய். சுற்றிலும் ஐந்தாறு ஸ்பீக்கர் வைத்துப் படம் பார்க்கும் எண்ணம் இருந்தால் வாங்கு. இரண்டே ஸ்பீக்கர் என்றால், அதே பணம் ஏழு பங்காகப் பிரிந்து, நீ பயன்படுத்தாத ஐந்துக்கும் போகிறது. ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பின்னாளில் தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் சேர்க்க நினைத்தால் அந்த வகையில்தான் தாழ்ந்த ஒலியைப் பிரித்து அதற்கு மட்டும் அனுப்பி, உன் சின்ன ஸ்பீக்கர்களின் பாரத்தைக் குறைக்கும் வசதி உண்டு. சாதாரண ஸ்டீரியோ ரிசீவரில் சப்வூஃபர் துளை இருந்தாலும் பிரதான ஸ்பீக்கர்களுக்கு முழு ஒலியும் போய்க்கொண்டேதான் இருக்கும். இன்னொன்று, அந்த வகையில் சீக்கிரம் பழையதாவது ஹெச்டிஎம்ஐ பகுதிதான், ஆம்ப் அப்படியே இருக்கும். அதனால் யாரோ புது டிவிக்காகக் கழித்துக்கட்டும் பத்து வருடப் பழைய ஒன்று, பாட்டுக்கு மட்டும் என்றால், மிக நல்ல வாங்கலாக அமையலாம்.

பழையது வாங்கப் போனால் அவசரப்படாதே. வீணானாலும் பரவாயில்லை என்ற ஒரு ஜோடி ஸ்பீக்கரை எடுத்துப் போ. அவுட்புட் கெட்ட ஆம்ப் நேர் மின்சாரத்தை அனுப்பினால் வூஃபரின் சுருள் நொடியில் கருகும், அது உன் நல்ல ஸ்பீக்கராக இருக்க வேண்டாம். சுவிட்சைப் போட்டதும் சில நொடி கழித்து "டிக்" என்று ரிலே விழுகிறதா கேள். எதுவும் பாடாமல் வால்யூமைப் பாதிவரை ஏற்றி, காதை ஸ்பீக்கரிடம் கொண்டு போ. மெல்லிய "ஸ்ஸ்" இருக்கலாம். "ம்ம்ம்" என்ற முனகல் இருக்கக் கூடாது. அது மின்சாரத்தைச் சீராக்கும் பவர் சப்ளை கெப்பாசிட்டர் வற்றியதன் குரலாக இருக்கலாம். பிறகு பாட்டைப் போட்டு வால்யூம் குமிழை அடியிலிருந்து மெதுவாகத் திருகு. கரகரத்தால் பயப்படாதே, காண்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தால் யோசி. ஒவ்வொரு துளையிலும் போனைச் சொருகிப் பார், விற்பவர் பொறுத்துக்கொள்ளட்டும். அரை மணி நேரம் பாடவிட்டு மேல்மூடியில் உள்ளங்கையை வை. இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடும் கருகல் வாசமும் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பு. ரிமோட் இருக்கிறதா என்று கேட்க மறக்காதே, சில மெனுக்கள் அது இல்லாமல் திறக்கவே திறக்காது.

இப்படி நின்று சோதிக்க விடாதவரிடம் பழையது வாங்க வேண்டாம். அப்போது உத்தரவாதத்தோடு வரும் புதுசே மேல்.

எதை வாங்கினாலும் அலமாரியில் திணிக்காதே, மேலே ஒரு சாண் காற்றுக்கு விடு. ஒயருக்குப் பெரிய செலவு வேண்டாம். உன் அறைத் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தாராளம். சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடுக்கு. ஒரு பக்கம் மாறிப்போனால் தாழ்ந்த ஒலி காணாமல் போய், பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. பிரிந்த ஒரு செம்பு இழைகூடப் பக்கத்துத் திருகைத் தொடாதபடி முறுக்கிவிடு. பழைய ரிசீவர் கருகியது ஏன் என்று யோசித்தேன். போன மாதம் ஸ்பீக்கரை நகர்த்தினேன் என்றாயே, அப்போது ஓர் இழை நழுவியிருக்கலாம். அது உன் தவறு என்று எடுத்துக்கொள்ளாதே, யாருக்கும் நடக்கும்.

அந்தப் பழைய பெட்டியைக் குப்பையில் போடாதே அம்மாடி. அந்த முள் இருக்கும் கண்ணாடிப் பட்டையை மட்டும் கழற்றி எடுத்துவை, அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்கிறேன். புதுசு எதைப் பார்த்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் அதன் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பு. ராத்திரி எந்த நேரமானாலும் பார்த்துப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா