மெசாயா கச்சேரி: யார் யார் வருகிறீர்கள்?

நண்பர்களே, இந்த வருடமும் தேங்க்ஸ்கிவிங் வார இறுதியில் பாஸ்டன் சிம்பொனி ஹாலில் ஹாண்டெல் அண்ட் ஹைடன் சொசைட்டியின் ‘மெசாயா’ (இயேசுவைப் பற்றி ஹாண்டெல் இசையமைத்த நீண்ட பாடல் தொகுப்பு) கேட்கப் போகலாம். வருகிறவர்கள் ஞாயிறு இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள், டிக்கெட் மொத்தமாக எடுத்துவிடலாம்.

முதல் தடவை வருபவர்களுக்காகக் கொஞ்சம் கதை. இந்த சொசைட்டி 1815இல் தொடங்கிய பாடகர் சங்கம். ஹாண்டெல், ஹைடன் இருவரும் இசையமைப்பாளர்கள். அப்போது ஹைடன் இறந்து ஆறே வருடம்தான். அதனால் பெயரில் ஹாண்டெல் பழைய இசைக்கு, ஹைடன் புது இசைக்கு! மெசாயாவை அமெரிக்காவில் முதன்முதலாக முழுசாகப் பாடியவர்களும் இவர்களே, 1818இல். 1854இலிருந்து வருடம் தவறாமல் பாடுகிறார்கள். ஹாண்டெல் அதை எழுதியது 1741இல், வெறும் 24 நாளில். வாத்தியங்களும் அந்தக் காலத்து வகைதான். கம்பிக்குப் பதில் விலங்குக் குடலில் செய்த நரம்பு கட்டிய வயலின்களின் ஓசை மெலிதாக இருக்கும், முதலில் ‘என்ன இது, சத்தமே இல்லையே’ என்று தோன்றலாம். பத்து நிமிடம் பொறுங்கள், காது பழகிவிடும்.

மெசாயாவில் ‘அல்லேலூயா’ கோரஸ் வந்ததும் அரங்கமே எழுந்து நிற்கும். இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் அதைக் கேட்டு எழுந்ததால் வந்த வழக்கம் என்பார்கள், அக்காலச் சான்று ஒன்றும் கிடையாது. நிற்பதும் உட்கார்வதும் உங்கள் இஷ்டம்.

அப்புறம், இருக்கைகள் 1900இல் அரங்கம் திறந்தபோது போட்டவை, குறுகலானவை. கனமான கோட்டுகளை வெளியே கோட் வாங்கி வைக்கும் இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். என் ஓட்டு பால்கனிக்கு. கார் வேண்டாம், பாஸ்டன் நகர ரயிலில் கிரீன் லைன் ‘E’ வண்டி வாசலிலேயே நிற்கும். இருமல் மிட்டாய் கொண்டுவருபவர்கள் தாளை முன்கூட்டியே உரித்து வையுங்கள், ப்ளீஸ்.