கியர் ஆயில் கூலர்: சென்னை வண்டிக்கும் ஊட்டி வண்டிக்கும் ஒரே கணக்கு சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊட்டி சீசன் நெருங்கினாலே கோவை ஒர்க்‌ஷாப்களில் தவறாமல் வரும் கேள்வி இது: "ஆட்டோமேட்டிக் வண்டி, மலை ஏறணும், தனியா ஒரு கியர் ஆயில் கூலர் மாட்டிடலாமா?" கியர்பாக்ஸ் ஆயிலைக் காற்றில் ஆறவைக்கும் சின்ன ரேடியேட்டர்தான் இந்தக் கூலர். உங்கள் வாகனப் பக்கத்தில் "மாட்டுவது நல்லது" என்று மட்டும் போட்டிருந்தீர்கள். வண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்று கேட்காமல் மாட்டினால் நல்லதற்குப் பதில் கெடுதல்தான் நடக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எந்த வகை கியர்பாக்ஸ் என்று பாருங்கள். 2014-இல் மாருதி செலேரியோ காரோடு நம் ஊருக்கு வந்த ஏஎம்டி வகை, மேனுவல் கியர்பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் கம்ப்யூட்டர் இயக்குவது. அதில் சூடாவது கிளட்ச் தட்டு, அங்கே ஆயிலே போவதில்லை. ஆயிலில் மூழ்காத இரட்டைக் கிளட்ச் உள்ள (டிரை கிளட்ச் டிசிடி) வண்டிக்கும் இதே கதைதான். இவற்றுக்குக் கூலர் மாட்டுவது வீண் செலவு. நான் சொல்வதெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளுக்கு.

அந்த வண்டிகளில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பதே ஆயில்தான். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது உள்ளே இருக்கும் லாக்கப் கிளட்ச் இரண்டையும் நேராகப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும், சூடு குறைவு. பர்லியார் தாண்டிக் குன்னூர் வரை வரிசையில் ஊர்ந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நின்று நின்று ஏறும்போது அந்த லாக்கப் பெரும்பாலும் பிடிக்காது, ஆயில் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறும். சாதாரணமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய ஆயில் 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் கருத்துப்போய், உள்ளே பிசின் போலப் படிய ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அடர்த்தி குறைந்த காற்று ரேடியேட்டரிலிருந்து சூட்டைக் குறைவாகத்தான் எடுத்துப் போகும்.

கம்பெனியே ஒரு கூலர் வைத்துத்தான் தருகிறது. பல வண்டிகளில் அது ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும். அந்தத் தொட்டியில் ஓடும் கூலன்ட், அதாவது என்ஜினை ஆறவைக்கும் தண்ணீர்க் கலவை, எவ்வளவு சூட்டில் இருக்கிறதோ அதற்குக் கீழே ஆயிலை இறக்க அதனால் முடியாது. ஆனால் குளிர்ந்த காலையில் அதே கூலன்ட் ஆயிலைச் சீக்கிரம் சூடேற்றியும் கொடுக்கிறது. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அரிசோனா பாலைவனத்தில் இருக்கிறவர் யூடியூபில் "ரேடியேட்டரை விட்டுவிடு, வெளிக் கூலர் மட்டும் போதும்" என்கிறார். கனடாவில் மைனஸ் இருபதில் ஓட்டுகிறவர் "ரேடியேட்டரை மட்டும் கழற்றிவிடாதே" என்கிறார். அவரவர் ஊருக்கு இருவர் சொல்வதும் சரி. நம் ஆட்கள் எது முதலில் கண்ணில் பட்டதோ அதை மாட்டுகிறார்கள்.

சென்னை, வேலூர், திருச்சி வண்டி என்றால் என் யோசனை இது: கியர்பாக்ஸிலிருந்து வரும் சூடான ஆயில் முதலில் ரேடியேட்டருக்குப் போகட்டும், அங்கிருந்து வெளிக் கூலர், அப்புறம் திரும்ப கியர்பாக்ஸ். கூலரை ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சருக்கு முன்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, ரேடியேட்டர் ஃபேன் இழுக்கும் காற்று படும் இடத்தில் வையுங்கள். பம்பரின் கீழ் மூலையில் இடம் காலியாக இருக்கிறது என்று அங்கே செருகினால், மவுன்ட் ரோடு நெரிசலில் நிற்கும்போது காற்றே வராது; அங்கேதான் வைக்க முடியும் என்றால் தனி ஃபேன் கட்டாயம். அதே சமயம் கண்டென்சரின் முகம் முழுவதையும் மூடும் சைஸும் வேண்டாம், மே மாதத்தில் ஏசி படுத்துவிடும்.

ஊட்டி, கொடைக்கானலிலேயே இருக்கும் வண்டி வேறு. ஜனவரியில் புல்வெளியில் உறைபனி விழும் ஊரில் பெரிய கூலரை நேராக இணைத்தால் ஆயில் சூடேறவே நேரமாகும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், கியர் தாமதமாக விழும், பல வண்டிகளில் ஆயில் சூடாகும் வரை கம்ப்யூட்டர் லாக்கப்பையே அனுமதிக்காது, மைலேஜும் போகும். அங்கே கூலர் தேவையென்றால் தெர்மோஸ்டாட் வால்வு வைத்ததையே போடுங்கள். சுமார் 80 டிகிரி வரும்வரை அந்த வால்வு ஆயிலைக் கூலருக்கு விடாமல் கியர்பாக்ஸுக்கே திருப்பிவிடும். சமவெளியில் இருந்துகொண்டு அடிக்கடி மலை ஏறும் டாக்ஸிகளுக்கும் இந்த வால்வு போட்ட அமைப்பைத்தான் சொல்வேன், கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை.

சைஸ் விஷயத்தில் இன்னொன்று. இறக்குமதிக் கூலர் பெட்டிகளில் பவுண்டில் ஒரு எடை போட்டிருக்கும். அது டிரெய்லர் இழுப்பவர்களை மனதில் வைத்துப் போட்டது. வண்டியின் எடையைச் சொல்லுமே தவிர நம் வெயிலைப் பற்றியோ மலைச் சாலையைப் பற்றியோ எதுவும் சொல்லாது. வாங்குவதற்கு முன், வண்டிக் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஒரு ஓபிடி ஸ்கேனரை மாட்டி, வழக்கமாகப் போகும் பாதையில் ஆயில் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிடுங்கள். 100-ஐயே தொடவில்லை என்றால் கூலரை விட்டுவிட்டு அந்தக் காசில் ஆயிலை மாற்றுங்கள்.

மாட்டும் விதத்திலும் எனக்குக் கோபம் உண்டு. கண்டென்சர் துடுப்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டேக் குத்திக் கட்டுவது வேண்டவே வேண்டாம், அதிர்வில் உரசி உரசி கண்டென்சரே ஓட்டையாகும். பிராக்கெட் போட்டு பாடியில் இறுக்க வேண்டும். ஹோஸ் கியர் ஆயிலுக்கென்றே வருவது, கூலன்ட் ஹோஸை வெட்டிப் போடக் கூடாது. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்கும், நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள், பிரஷர் வாஷர் துடுப்பை மடக்கிவிடும். வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேட்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

கார் கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கியர் ஆயில் சூட்டை வண்டியின் கம்ப்யூட்டர் அளந்துகொண்டுதான் இருக்கிறது. கூலன்ட் சூட்டைக் காட்டும் டாஷ்போர்டில் அதையும் காட்டினால், மலையில் ஓரம் கட்டி என்ஜினை ஓடவிட்டு ஆயிலை ஆறவைக்க வேண்டிய நேரம் ஓட்டுபவருக்கே தெரிந்துவிடும். இதைப் பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
மேட்டுப்பாளையம் சாலை, கோவை.